மக்கள் குப்பை

1

இந்தக் கதை நாற்றத்தில் பிறந்தது. உள்ளொளி, உந்துதல், தூக்கம் கலைந்ததும் மனத்தில் மின்னிய ஒரு வரி என்றெல்லாம் மற்ற எழுத்தாளர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் வீட்டு வாசலில் இரண்டு குப்பைத்தொட்டிகள் இருக்கின்றன.

தொட்டிகளை எங்கே வைப்பது என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடி முடிவெடுத்த நாளில், கூட்டத்துக்குப் போகாதவன் நான் ஒருவன்தான். கூட்டத்துக்குப் போகாதவன் வாசல்தான் பொது இடம். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியிருக்க மாட்டார்கள்.

போன மாதம் சங்கத் தலைவர் வந்தார். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தெருவில் எல்லோரும் அவரை ‘ஐயா’ என்பார்கள். அவர் என்னை ‘எழுத்தாளரே’ என்பார். நான் எழுதிய நையாண்டிகளை வெளியிட்ட பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வெகுகாலமாகிறது. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பேசாதது அவர்கள் பெருந்தன்மை.

“எழுத்தாளரே, ஆண்டுவிழா மலருக்கு உங்ககிட்டேருந்து ஒரு கதை வேணும். குப்பை மேலாண்மை பத்தி. விழிப்புணர்வுக் கதை. முடிவுல ஒரு கருத்து இருக்கணும்.”

“கருத்து முடிவுலதான் வரணுமா ஐயா? நடுவுல வந்தா?”

“நடுவுல வந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க.”

“முடிவுல வந்தா?”

“கவனிக்க மாட்டாங்கதான். ஆனா கை தட்டிடுவாங்க.”

உடம்பு சரியில்லை, கை ஓடவில்லை என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் என் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“இந்தத் தொட்டிகளை வேற இடத்துக்கு மாத்தற விஷயத்தைச் செயற்குழுவுல வைக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

ஆகவே வாசகரே, உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. இது இலக்கியத் தொண்டு இல்லை. இரண்டு தொட்டிகளை நகர்த்தும் முயற்சி.

2

முதல் தொடக்கம்:

“கதிரவன் தன் பொற்கரங்களால் அந்தத் தெருவைத் தழுவியபோது, ஓர் ஓரத்தில் இரண்டு தொட்டிகள்…”

[நிறுத்திவிட்டேன். எதிரே நான்கு மாடிக் கட்டடம். கதிரவன் எங்கள் தெருவைத் தழுவ வேண்டுமானால் முதலில் அந்தக் கட்டடக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும்.]

இரண்டாம் தொடக்கம்:

“நான் ஒரு குப்பைத்தொட்டி பேசுகிறேன். நான் பிறந்தது ஒரு பிளாஸ்டிக் ஆலையில். எனக்கு ஒரு தம்பி உண்டு. நான் பச்சை, அவன் நீலம். மனிதர்களே, உங்களுக்கு நாங்கள் செய்த தீங்கு…”

[பள்ளிக்கூடக் கட்டுரை. தலைவர் படித்தால் நெகிழ்ந்துபோய் பத்துக்கு எட்டு போட்டுவிடுவார். அந்த வயதைக் கடந்துவிட்டேன். பத்துக்கு எட்டு வாங்கியதும் இல்லை.]

மூன்றாம் தொடக்கம்:

“தவறு ஒரு எழுத்தில் தொடங்கியது.”

[இது பரவாயில்லை. ஆனால் ‘ஓர் எழுத்தில்’ என்று தலைவர் திருத்துவார். தவிர, எண்ணினால் தவறு ஓர் எழுத்தும் இல்லை, இரண்டு. ஆனாலும் இதையே வைத்துக்கொள்கிறேன். நான்காவது தொடக்கம் எழுதும் தெம்பு இல்லை.]

3

நகராட்சி இரண்டு தொட்டிகள் கொடுத்தது. பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. அழுகி மண்ணாகிறவை ஒரு பக்கம், ஆகாதவை ஒரு பக்கம். தொட்டிமேல் எழுத ஒரு பெயிண்டரை வரவழைத்தார்கள். மேற்பார்வைக்குத் தலைவரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தமிழ் எழுதுமிடத்தில் அவர் இல்லாமல் எப்படி?

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்டர் பச்சையை முடித்துவிட்டு நீலத்துக்கு வந்து ‘மக்காதக் குப்பை’ என்று எழுதினார்.

“ஏம்பா, அங்க எதுக்கு ஒரு ‘க்’?”

“எங்க ஐயா?”

“மக்காத-வுக்கு அப்புறம். அது பெயரெச்சம். வல்லினம் மிகாது.”

“மிகாதுன்னா?”

“வராது.”

“வந்துடுச்சே ஐயா.”

“அழி.”

“ஒரு எழுத்துதானே ஐயா, சும்மா அழகுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“மொழியில அழகுக்குன்னு ஒண்ணும் கிடையாது. அழி!”

பெயரெச்சம் என்றால் என்ன, எதிர்மறைப் பெயரெச்சம் என்றால் என்ன, ஈறு கெட்டால் என்ன ஆகும், கெடாவிட்டால் என்ன ஆகும் என்று தலைவர் விளக்கினார். பெயிண்டர் நீல பெயிண்டைக் குழைத்து அந்த ‘க்’கை மறைத்தார்.* இந்தப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் முழுக்க, பச்சைத் தொட்டிமேல் எழுத்து நிம்மதியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

மக்கள் குப்பை.

பெயிண்டரைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டத் தட்டிகளும் சுவர் விளம்பரங்களும் எழுதிப் பழகிய கை அது. ‘மக்க’ என்று தொடங்கிவிட்டால், அடுத்து ‘ள்’ போடாமல் அதனால் நிற்க முடியாது.

(* குழைத்த நீலம் தொட்டியின் நீலத்தோடு ஒத்துப்போகவில்லை. அந்த இடம் இன்றும் ஒரு தேமல் மாதிரி தெரிகிறது.)

மறுநாள் காலை தெரு அதைப் படித்தது. நம் ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு. எழுதியிருப்பது தப்பு என்று தோன்றினால் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். பச்சை, மக்களுடைய குப்பை, அதாவது வீடுகள். அப்படியானால் நீலம் கடைகளுக்காகத்தான் இருக்க வேண்டும்.

“அப்ப நாங்க மக்கள் இல்லையா?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

“நீங்க மக்காத ஆளு அண்ணே. எந்த வெள்ளத்துலயும் கடையை மூடுனது இல்ல. அடுத்த தொட்டி” என்று யாரோ சொன்னார்கள். மருந்துக்கடைக்காரருக்கு அது பாராட்டாகப் பட்டது. போனார்.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “ஐயா, அது ‘மக்கும்’னு தானே இருக்கணும்?” என்று தொடங்கினார். தலைவர் மேடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மைக்கைக் கிட்டே இழுத்தார்.

“அது பிழையன்று. கொள்கை! இல்லங்களில் தோன்றும் குப்பை மக்கள் குப்பை. வணிகத்தில் தோன்றும் குப்பை எக்காலத்தும் மக்காத குப்பை. பெயரிலேயே தெளிவு! தெளிவிலேயே தூய்மை!”

கை தட்டினார்கள். கை தட்டுகிறவர்களுக்கு எப்போதுமே வீட்டுக்குப் போகும் அவசரம்.

இதில் எனக்கு எரிச்சல் தரும் செய்தி ஒன்று உண்டு: அந்த ஏற்பாடு வேலை செய்தது. டீத்தூள் பை மக்குமா, மக்காதா? முட்டை அட்டை? பல் துலக்கும் பிரஷ்? எனக்கும் என் மனைவிக்கும் இதில் நடந்த சண்டைகளை எழுதினால் அது தனி மலர். ஆனால் நான் வீடா, கடையா என்பது எல்லோருக்கும் தெரியும். யோசிக்கவே வேண்டாம்.

ஒரே ஒருவரைத் தவிர.

4

இப்போது நாயகி வர வேண்டும். முதலில் இப்படி வரவழைத்தேன்:

“வறுமையிலும் நேர்மை தவறாத அந்தத் தையல்காரியின் கண்களில் ஈரம்…”

[அவர் கண்ணில் ஈரத்தை நான் பார்த்ததில்லை. நேர்மையும் தவறும். என் கால்சட்டை ஒன்று இடுப்பைத் தளர்த்தக் கொடுத்தது. அது திரும்பி வருவதற்குள் எனக்கு இன்னும் இரண்டு சுற்று இடுப்பு ஏறிவிட்டது. எப்போது கேட்டாலும் “நாளைக்கு வாங்கண்ணே.” அவருடைய நாளை என்பது நாள்காட்டியில் இல்லாத ஒரு கிழமை.]

தையல் அக்கா எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டின் தரைத்தளத்தில் ஓர் அறையில் இருக்கிறார். ஜன்னல் பக்கம் மெஷின். அறை நடுவே கம்பியில் ஒரு பழைய போர்வை. அதன் பின்னால் கட்டில், அடுப்பு, ஒரு மேஜை விசிறி. போர்வைக்கு முன்னால் உட்கார்ந்தால் தொழில், பின்னால் போனால் குடும்பம். குடும்பம் என்பது அவர் ஒருவர்தான். தலையணை உறை, திரைச்சீலை, மருத்துவமனைச் சீருடை என்று பகலெல்லாம் மெஷின் ஓடும். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் ஒரு நாளைக்கு ஒரு கூடை.

முன்பு தெருமுனையில் ஒரே குவியல் இருந்தது. எல்லாம் அங்கே போகும். இப்போது தொட்டி. தொட்டிகளைக் காலையில் காலி செய்யும் வண்டிக்காரர் முதல் நாளே அக்காவின் மூட்டையைப் பச்சைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

“அக்கா, இது கடைக் குப்பை. இதுல போடக் கூடாது.”

“சரி, நீலத்துல போட்டுக்கறேன்.”

“அதுக்கு கடைன்னு போர்டு இருக்கணும். உங்ககிட்ட இல்லையே.”

“போர்டு மாட்டினா வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வாரு தம்பி. வீடுன்னு சொல்லித்தான் குடி வந்திருக்கேன்.”

“வீடுன்னா பச்சை. ஆனா இது வீட்டுக் குப்பை இல்லையே.”

“என்னப்பா நீ, பம்பரம் மாதிரி சுத்தி சுத்தி அங்கேயே வர்ற!”

“நான் என்னக்கா பண்றது? நீங்க வீடா, கடையா? ஒண்ணைச் சொல்லுங்க.”

“நான் மனுஷி.”

“அதுக்குத் தொட்டி இல்லக்கா” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

(வண்டியின் உள்ளே பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு உண்டு. அது கழன்று விழுந்து நாளாகிறது. இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் போகின்றன. விழிப்புணர்வுக் கதையில் இதைச் சொல்லக் கூடாது. அதனால் அடைப்புக்குள் சொல்கிறேன்.)

மூட்டைகள் அறைக்குள்ளேயே சேரத் தொடங்கின. முதலில் கட்டிலுக்கு அடியில். பிறகு கட்டிலின்மேல் கால் பக்கம். நான் கால்சட்டை கேட்கப் போனபோது போர்வை நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி முன்னால் புடைத்திருந்தது. அக்கா மெஷினோடு ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கக்கா தூங்கறீங்க?”

“உட்கார்ந்துதான். மூட்டைமேல சாய்ஞ்சா நல்லாத்தான் இருக்கு. மெத்தைக்காரன் பொழப்பு கெட்டுது போங்க.”

“மெத்தைக்காரர் முன்ன வாங்கிட்டுப் போவாரே?”

“அவரு இப்ப ஸ்பஞ்சுக்கு மாறிட்டாரு. விரல் அகலத் துணியை எவன் கேப்பான்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நூலை அறுக்கும்போது மட்டும் பல்லைக் கொஞ்சம் அழுத்திக் கடித்தார். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அடுப்பு இருக்கும் அறையில் துணி மூட்டை. தீப்பிடித்தால் யார் பொறுப்பு? கரப்பான் மாடி வரைக்கும் வருகிறது. ஆண்டுவிழாவுக்குள் மூட்டைகள் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் அக்கா போக வேண்டும். இந்தத் தெருவில் மெஷினோடு ஒருத்தியை வேறு யாரும் குடிவைக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“எழுத்து ஒழுங்கா இருந்திருந்தா என்னண்ணே?” என்றார். “பருத்தித் துண்டு மக்கும், பச்சையில போட்டுடுவேன். பாலியெஸ்டர் மக்காது, நீலம். நான் வீடா கடையான்னு எவனுக்கு என்ன? துணியைப் பார்த்தாப் போதும். இப்ப எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க.”

“ஐயாகிட்ட பேசிப் பார்த்தீங்களா?”

“பேசினேன். ‘கொள்கைக்கு விதிவிலக்கு இல்லம்மா’ன்னாரு. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்க்கல. ஆமா, நீங்க மலர்ல கதை எழுதறீங்களாமே?”

“ஆமா…”

“அதுல குப்பை வண்டி வருமில்ல? என் மூட்டையையும் ஏத்தி விட்டுடுங்க.”

இந்த இடத்தில் கதாபாத்திரம் எழுத்தாளரை மிஞ்சிவிட்டது. கால்சட்டையைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: “அந்தம்மாவை நல்லவங்களா எழுதப் போறீங்களா?”

“அப்படி எழுதினாத்தான் படிக்கறவங்களுக்குப் பாவமா இருக்கும்.”

“நம்ம ஜன்னல் திரையை மூணு மாசமா வச்சிருக்காங்க. ஊரே நம்ம சாப்பாட்டு மேஜையை எட்டிப் பார்க்குது. நல்லவங்களாம்!” சற்று நேரம் கழித்து, சமையலறையிலிருந்து: “நல்லவங்களா இருந்தாத்தான் படுக்க இடம் கொடுப்பாங்களா?”

அதனால்தான் அக்காவை இப்படியே விட்டுவிட்டேன்.

4 (தொடர்ச்சி, ஏனென்றால் நீங்கள் கேட்பீர்கள்)

கேட்பீர்கள்: “இவ்வளவு பேசுகிறாயே, அந்த மூட்டைகளை நீயே எடுத்து உன் வாசல் தொட்டியில் போட்டால் என்ன?”

போட்டேன். ஒரு மூட்டையைத் தூக்கிவந்து, என் வீட்டுக் குப்பையோடு கலந்து, மேலே பழைய செய்தித்தாளைப் பரப்பி, பச்சையில் போட்டேன். காலையில் வாசல் மணி அடித்தது. வண்டிக்காரர் கையில் அதே மூட்டை. ஊதா நிறத் துண்டு ஒன்று வெளியே தொங்கியது.

“சார், உங்க வீட்ல எப்ப தையல் ஆரம்பிச்சீங்க?”

“அது… என் மனைவி சும்மா…”

“ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் சார் இது. மேடத்துக்கு வேலை கிடைச்சிடுச்சா?”

அக்காவிடம் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து வேறு தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா என்றேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். “நான் என்ன பொணத்தையா மறைக்கறேன்? துணி வெட்டினேன், துண்டு விழுந்தது. அதை எதுக்கு நான் திருட்டுத்தனமாப் போடணும்?”

மறுபடியும் வண்டிக்காரரிடம் போனேன். வண்டியின் மூடியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கே தெரியும், அது எழுத்துப் பிழை. எதுக்கு இவ்வளவு கறார்?”

அவர் கையுறையைக் கழற்றி வண்டிமேல் தட்டினார்.

“பிழையா? ஐயா எழுத வச்சது சார் அது. நான் அவர்கிட்டதான் படிச்சேன். ஒன்பதாம் வகுப்பு முழுக்க என் பேரு மக்கு. என் சொந்தப் பேரைக் கூப்பிட்டா எனக்கே திரும்பத் தோணாது. அப்படிப்பட்டவரு எழுத்துல தப்பு வருமா? வராது. அவரு என்ன எழுதியிருக்காரோ, அதை அப்படியே அட்சரம் பிசகாமச் செய்யறேன். நான்தான் நல்ல மாணவன்.”

“அந்த அக்கா என்ன பண்ணாங்க உங்களை?”

“ஒண்ணும் பண்ணல. பாவம்தான்.” கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஐயா என்னைப் பார்த்து ‘தப்புடா’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த மூட்டையெல்லாம் நானே தலைமேல தூக்கிட்டுப் போறேன்.”

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் விலை. ஆனால் அது இருந்த கடை எது என்று பாருங்கள்.

5

தலைவரை இந்த இடத்தில் கிழித்துத் தோரணம் கட்டுவதாகத்தான் திட்டம். பெரிய மனிதத்தனத்திலிருந்து காற்றைப் பிடுங்குவது என் தொழில். வேறு எதுவும் எனக்கு ஒழுங்காக வராது. தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன்: ‘ஒற்றும் ஒரு முட்டாளும்’. [வேண்டாம். காரணம் கீழே.]

கதை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க அவரே வந்தார். உட்காரச் சொன்னேன். ஊசியை எடுத்தேன்.

“அந்தக் குப்பை வண்டிக்காரர் உங்க மாணவராமே?”

“அவனா? மக்கு” என்றார்.

தும்மல் மாதிரி வந்துவிட்டது. வெளியே தொட்டி மூடியை யாரோ திறந்த சத்தம் கேட்டது.

“எனக்கு அன்னைக்கே தெரியும் எழுத்தாளரே” என்றார். மேடைக்குரல் இல்லை, வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. “பெயிண்டர் தூரிகையைக் கழுவும்போதே பார்த்துட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? அப்பத்தானே அவன்கிட்ட ஒரு ‘க்’குக்காக அவ்வளவு நேரம் சண்டை போட்டு ஜெயிச்சிருந்தேன்.”

“இப்ப சொல்லலாம்.”

“இப்ப அது கொள்கையாயிடுச்சே.”

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார். தேய்ந்த பக்கத்தை உள்ளே வைத்துத் திருப்பித் தைத்த காலர்.

“அந்தம்மா தைச்சதுதான். பார்த்தா தெரியுதா? தெரியாது. வேற சட்டை வாங்கிக்கோங்கன்னு ஒரு நாளும் சொன்னது இல்ல. அவங்களைத் தெருவுல நிறுத்தணும்னு எனக்கு ஆசையா?”

“அப்புறம் என்னதான் தடை?”

“இந்தத் தெருவுல பாதிப் பேர் என்கிட்ட படிச்சவங்க. நான் நடந்து போனா இன்னும் எழுந்து நிக்கறாங்க. வேற எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க? மனைவி போயாச்சு, பொண்ணு தொலைதூரத்துல. அவங்க எழுந்து நிக்கறதுதான் என் நாள். மைக்ல நின்னு ‘தப்பு பண்ணிட்டேன்’னு சொன்னா, எல்லாரும் உட்கார்ந்துடுவாங்க எழுத்தாளரே.”

நான் ஊசியோடு உட்கார்ந்திருந்தேன். குத்துவதற்குப் பலூனில் காற்றே இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: “இதையும் எழுதிடுவீங்களா?”

“தெரியல ஐயா.”

“எழுதினா ஒற்றுப் பிழை இல்லாம எழுதுங்க.”

6

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பழுது இருக்கிறது.

முதல் முடிவு. தலைவர் மேடையில் எழுந்து, கண்கலங்கி, “பிழை என்னுடையது” என்கிறார். வண்டிக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். எல்லோரும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக… [என் கை இதற்குமேல் எழுத மறுக்கிறது. இந்தத் தெருவில் ஆளுக்கொரு மூட்டை தூக்குவார்களாம். எங்கள் வாசலில் தொட்டி மூடியை மூடிவிட்டுப் போகவே ஆள் இல்லை.]

இரண்டாம் முடிவு. அக்கா காலி செய்கிறார். மெஷின், கட்டில், அடுப்பு, விசிறி, மூட்டைகள் எல்லாம் ஒரு சிறிய லாரியில் ஏறுகின்றன. அந்த நேரத்தில் மூட்டைகளும் வீட்டுச் சாமான்கள்தான் என்று கணக்காகிவிடுகின்றன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரம் அந்த அறையில் ஒரு கணினிக்காரர் குடிவருகிறார். [இதுதான் நடக்கும். எழுதவே வேண்டாம், தானாக நடக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.]

மூன்றாம் முடிவு. மின்கசிவு. துணி மூட்டைகள். தீ. [இல்லை. தனியாகக் குடியிருக்கும் ஒரு பெண்ணைக் கருத்துக்காகக் கொளுத்துகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு என் கால்சட்டை வேண்டும்.]

நான்காம் முடிவு. தலைவரும் சரி, வண்டிக்காரரும் சரி, அக்காவும் சரி, யாருமே தோற்காமல் எல்லோரும்…

[எப்படி என்று தெரியவில்லை. மூன்று நாளாக இந்த வரியில்தான் நிற்கிறேன்.]

7

ஆறாம் பகுதி வரை எழுதியதைத் தலைவரிடம் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் எதையும் அவர் பார்த்துத்தான் அனுப்புவார்.

நேற்று திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஏராளமான திருத்தங்கள். வல்லினம் மிகுமிடம், மிகாவிடம், விட்டுப்போன புள்ளி, கூடிப்போன கொம்பு. ஐந்தாம் பகுதியிலும் இரண்டு இடத்தில் திருத்தியிருந்தார். ஆனால் ஒரு வரிகூட அடிக்கப்படவில்லை. கடைசிப் பக்கத்தின் கீழே ‘அச்சுக்கு’ என்று எழுதிக் கையெழுத்து.

எழுத்தைப் பார்த்தாரா, எழுதியிருந்ததைப் பார்த்தாரா? எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கலாம் என்று செருப்பைப் போட்டேன். கழற்றிவிட்டேன். கேட்டால், ‘எழுத்தைத்தான் பார்த்தேன்’ என்று சொல்லும் வசதியை அவருக்கு நானே கொடுத்ததாகிவிடும்.

இந்த ஏழாம் பகுதியை அவர் பார்க்கவில்லை. நேராக அச்சகத்துக்குப் போகிறது. ஆகவே இனி உங்களோடு நேராகப் பேசலாம்.

நீங்கள் இப்போது பள்ளிக்கூட அரங்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆண்டுவிழா. வரவேற்புரை நீண்டது, அதற்கு நன்றி சொன்னவர் உரை அதைவிட நீண்டது. பொழுது போகாமல் மலரைப் புரட்டி, விளம்பரங்களைத் தாண்டி இங்கே வந்திருக்கிறீர்கள். மலரை மடியில் வைத்துவிட்டுத் தலையை மட்டும் திருப்புங்கள். கடைசி வரிசையில், கதவோரம், மடியில் பையோடு உட்கார்ந்திருப்பவர்தான் தையல் அக்கா. இரண்டு நாற்காலி தள்ளி அவருடைய வீட்டுக்காரர். அவர் சொன்ன கெடு இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. கதவுக்கு வெளியே வண்டிமேல் சாய்ந்து நிற்பவர் வண்டிக்காரர். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் போகவும் இல்லை.

நான் ஏன் எழுந்து கேட்கக் கூடாது என்பீர்கள். நான் எழுந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். இத்தனை வருடமாக உங்களை அப்படிப் பழக்கியிருக்கிறேன். நான் “ஐயா” என்று ஆரம்பிப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொள்வார். தலைவரும் பிழைத்தோம் என்று சேர்ந்து சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பில் கூட்டம் கலைந்துவிடும். கேலிக்காரனின் கையில் உண்மையைக் கொடுத்தால் அது கேலியாகிவிடுகிறது; இது தொழில்நோய், மருந்து கிடையாது.

யாராவது வேறு ஒருவர் கேட்க வேண்டும். குற்றம் சாட்ட வேண்டாம். பேச்சு வேண்டாம். எழுந்து நின்று, வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோல், “ஐயா, பச்சைத் தொட்டியில ‘மக்கும்’னு மாத்திடலாமா?” என்றால் போதும். கேட்டுவிட்டு உட்காராதீர்கள். அது முக்கியம். அவர் பதில் சொல்லும் வரை நின்றுகொண்டே இருங்கள். பக்கத்து நாற்காலிக்காரரையும் முடிந்தால் எழுப்புங்கள். அந்த மனிதர் தப்பு என்று சொல்லும்போது எதிரே நாலு பேர் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

சொல்வாரா? தெரியாது. சொன்னால் வண்டிக்காரருக்குக் காது கேட்குமா? கதவு திறந்துதான் இருக்கிறது. தொட்டிகள் என் வாசலிலேயே இருக்கட்டும், பரவாயில்லை. அந்தப் பேரத்தை நான் விட்டுவிட்டேன்.

நன்றியுரைக்கு முன்னால் தலைவர் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். சம்பிரதாயத்துக்குத்தான். அதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. எல்லோரும் டீ வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்போம். இதோ, மைக்கைத் தட்டுகிறார். மலரை மூடுங்கள்.

“உறுப்பினர்கள் யாரேனும் ஏதேனும்…”